வெர்மான்ட் கட்சி மாறிய நாள்: 1964 அமெரிக்க அதிபர் தேர்தல், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி வெர்மான்ட் என்ற சின்ன மாநிலம் இருக்கிறது. பால் பண்ணைகளும் மேப்பிள் மரங்களும் நிறைந்த மலைப் பகுதி. குடியரசுக் கட்சி முதன்முதலாக அதிபர் தேர்தலில் நின்றது 1856இல். அன்று தொடங்கி 1960 வரை நடந்த 27 அதிபர் தேர்தல்களிலும் வெர்மான்ட் அந்தக் கட்சிக்கே வாக்களித்தது. 1936இல் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனபோதும், அசையாமல் நின்ற இரண்டில் ஒன்று வெர்மான்ட், இன்னொன்று மெய்ன். 1960இல் அங்கே குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்ஸனுக்கு 58 சதவீதத்துக்கு மேல் வாக்கு கிடைத்தது.

நான்கே வருடம் கழித்து, 1964 நவம்பர் 3 அன்று, அதே வெர்மான்ட் மக்கள் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்கு 66 சதவீத வாக்கைக் கொடுத்தார்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து ஒரே சின்னத்தைப் பார்த்துப் பழகிய குடும்பங்கள் அவை. என்ன நடந்தது அவர்களுக்கு?

ஒரு கட்சி அதிபர் தேர்தலில் அமோகமாக ஜெயிக்க என்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல தலைவர், நல்ல பொருளாதாரம், நல்ல பிரசாரம் என்று மூன்றையும் சொல்லிவிடுவோம். மூன்றும் இருந்தால் ஜெயிக்கலாம், உண்மைதான். ஆனால் ஜெயிப்பது வேறு, அலை வேறு. 1964ஐ ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: எதிர்க்கட்சியின் சொந்த வாக்காளர், 'என் கட்சியை நான் விட்டுப் போகவில்லை, கட்சிதான் என்னை விட்டுப் போனது' என்று மனதாரச் சொல்லும் நிலை வந்தால்தான் அலை வீசும். அந்த நிலையை ஜெயிக்கிற கட்சி தனியாக உண்டாக்கிவிட முடியாது. தோற்கிற கட்சியும் தன் பங்கைச் செய்தாக வேண்டும்.

முதலில் கணக்கு

1960இல் ஜனநாயகக் கட்சியின் கென்னடி பெற்றது 3.42 கோடி வாக்குகள், நிக்ஸன் பெற்றது 3.41 கோடி. இருவருக்கும் வித்தியாசம் நாடு முழுவதும் சேர்த்தே சுமார் 1.12 லட்சம். சதவீதத்தில் சொன்னால் 0.17. அதைவிட நெருக்கமான போட்டியைக் கற்பனை செய்வதே கடினம்.

1964இல் ஜான்சன் 4.31 கோடி, குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர் 2.72 கோடி. ஜான்சனுக்கு 61.05 சதவீதம். அந்த அளவை அதற்குப் பிறகு எந்த அதிபரும் எட்டவில்லை.

இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு வருடத்தில் பதிவான மொத்த வாக்கு சுமார் 18 லட்சம்தான் கூடியிருக்கிறது. ஜனநாயகக் கட்சிக்கோ 89 லட்சம் கூடியிருக்கிறது. குடியரசுக் கட்சிக்குச் சுமார் 69 லட்சம் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் இது புது வாக்காளர்கள் திரண்டு வந்து உண்டாக்கிய வெற்றி இல்லை. பழைய வாக்காளர்கள் இடம் மாறியதால் வந்தது. 'நம் ஆட்களை எல்லாம் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும்' என்று இன்றும் இரண்டு கட்சியிலும் பேசுகிறார்கள். நெருக்கமான தேர்தலை ஜெயிக்க அது உதவும். 1.12 லட்சத்தை ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆக்க அது உதவாது.

இதன் மேல் இன்னொரு இயந்திரம் வேலை செய்கிறது. அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். 1964இலிருந்து மொத்தம் 538 பேர், 270 பேர் கிடைத்தால் அதிபர். ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். அதனால் மக்கள் வாக்கில் வரும் மேடு இங்கே மலையாகத் தெரியும். ஜான்சனின் 61 சதவீதம் 486 தேர்வாளர்களாக, அதாவது 90 சதவீதமாக விரிந்தது. 1984இல் ரீகன் 58.8 சதவீத வாக்குடன் 49 மாநிலங்களையும் 525 தேர்வாளர்களையும் எடுத்தார். வரைபடம் ஒரே நிறமாகத் தெரிந்தாலும் அதற்குள் பத்தில் நான்கு பேர் எதிராகத்தான் வாக்களித்திருப்பார்கள். இதை மறந்துவிட்டு வரைபடத்தை நம்பிய அதிபர்கள் பிறகு வருந்தியிருக்கிறார்கள். ஜான்சனும் அவர்களில் ஒருவர்.

ஜான்சன் கையில் இருந்தவை

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த ஜான்சன் விமானத்திலேயே பதவி ஏற்றார். ஐந்தாவது நாள் நாடாளுமன்றத்தில் பேசும்போது, கென்னடி தொடங்கியதைத் தொடர்வோம் என்பதையே மையமாக வைத்தார். துக்கத்தில் இருந்த நாட்டுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒரு வருடத்துக்குள் மூன்றாவது அதிபரைப் பார்க்க வேண்டுமா என்ற தயக்கமும் மக்களிடம் இருந்தது.

பொருளாதாரமும் கைகொடுத்தது. 1964 பிப்ரவரியில் பெரிய வரிக்குறைப்புச் சட்டம் வந்தது. உச்ச வருமானவரி விகிதம் 91 சதவீதத்திலிருந்து படிப்படியாக 70 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த வருடம் பொருளாதார வளர்ச்சி 6 சதவீதத்தைத் தொட்டுவிடும் அளவில் இருந்தது. இதெல்லாம் ஆளும் அதிபரை ஜெயிக்க வைக்கும். நிக்ஸனோ, குடியரசுக் கட்சியின் மிதவாதியான ராக்பெல்லரோ எதிரில் நின்றிருந்தாலும் ஜான்சன் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன். 61 சதவீதம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி உடைந்த விதம்

அலைக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அன்றைய குடியரசுக் கட்சியில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று கிழக்குக் கரையின் மிதவாதிகள்: நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர், பென்சில்வேனியா ஆளுநர் வில்லியம் ஸ்க்ரான்டன் போன்றவர்கள். சிவில் உரிமைகளை ஆதரித்தார்கள், ரூஸ்வெல்ட் காலத்து நலத்திட்டங்களோடு சமாதானம் ஆகிவிட்டிருந்தார்கள். இன்னொன்று மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்துகொண்டிருந்த வலதுசாரி அணி. அதன் முகம் அரிசோனா செனட்டர் கோல்ட்வாட்டர். அவருடைய ஆட்கள் பல வருடமாக ஊர் ஊராகக் கட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்து, மாநாட்டுப் பிரதிநிதிகளை ஒவ்வொருவராகச் சேர்த்துவந்தார்கள். மேலே இருந்த தலைவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று கட்சி வாக்காளர்கள் மாநிலவாரியாகச் சொல்லும் உட்கட்சித் தேர்தல்கள் தொடங்கின. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விசித்திரம் நடந்தது. ராக்பெல்லரும் கோல்ட்வாட்டரும் நேரில் போய்ப் பிரசாரம் செய்துகொண்டிருக்க, தென் வியட்நாமின் சைகோனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி கேபட் லாட்ஜ் ஜெயித்தார். அவர் போட்டியிலேயே இல்லை. வாக்காளர்கள் அவருடைய பெயரைச் சீட்டில் தாங்களே எழுதிப் போட்டார்கள். நின்ற இருவர்மேலும் கட்சிக்காரர்களுக்கே மனம் ஒட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

ராக்பெல்லருக்குச் சொந்த வாழ்க்கையால் வந்த சிக்கல். 1962இல் விவாகரத்து, 1963இல் மறுமணம். ஜூன் 2 அன்று கலிபோர்னியாவில் தீர்மானகரமான உட்கட்சித் தேர்தல். அதற்கு மூன்று நாள் முன்னால் அவருக்கு மகன் பிறந்தான். பழைய கதையை ஊரெல்லாம் மறுபடியும் பேச அது போதுமானதாக இருந்தது. சுமார் 3 சதவீத வித்தியாசத்தில் கோல்ட்வாட்டர் ஜெயித்தார்.

அதே மாதம் செனட் சபையில் சிவில் உரிமைகள் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. உணவகம், விடுதி, வேலை, பள்ளி என்று எங்கும் நிறத்தின் பெயரால் ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் அது. தென்மாநிலச் செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதை முடக்கப் பார்த்தார்கள். குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் ஜான்சனோடு கைகோத்த பிறகுதான் அந்த முடக்கம் உடைந்தது. இறுதியில் 73க்கு 27 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 33 செனட்டர்களில் 27 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த ஆறு பேரில் ஒருவர் கோல்ட்வாட்டர். 1957, 1960ஆம் ஆண்டுகளின் சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர் அவர். தனியார் வியாபாரத்தில் மத்திய அரசு இப்படித் தலையிட அரசியல் சாசனம் இடம் தரவில்லை என்பது அவருடைய வாதம். அவர் மனதார அப்படி நம்பியிருக்கலாம். ஆனால் கடையில் உட்கார்ந்து ஒரு கப் காபி குடிக்கத் தடை இருந்த மனிதருக்கு அந்த வாதம் என்ன கொடுக்கும்? அவருடைய கட்சியில் ஐந்தில் நான்கு பங்கு செனட்டர்களே ஒப்புக்கொள்ளாத வாதம் அது.

ஜூலை நடுவில் சான் பிரான்சிஸ்கோ அருகே கௌ பேலஸ் அரங்கில் கட்சி மாநாடு. கு கிளக்ஸ் கிளான், ஜான் பர்ச் சங்கம் போன்ற தீவிர அமைப்புகளைக் கண்டிக்கும் திருத்தம் ஒன்றை ஆதரித்து ராக்பெல்லர் பேச எழுந்தார். கூட்டம் கூச்சல் போட்டு அவரைப் பேசவே விடவில்லை. அது தொலைக்காட்சியில் நாடு முழுவதும் போனது. திருத்தம் தோற்றது. முதல் சுற்றிலேயே 1,308 பிரதிநிதிகளில் 883 பேர் கோல்ட்வாட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கட்சி இப்படிப் பிளந்து கிடக்கும்போது வேட்பாளர் என்ன செய்ய வேண்டும்? தோற்றவரை மேடையில் பக்கத்தில் நிறுத்த வேண்டும், துணை அதிபர் இடத்தை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். கோல்ட்வாட்டர் இரண்டையும் செய்யவில்லை. தன்னைப் போன்ற வலதுசாரியான வில்லியம் மில்லரையே துணைக்கு எடுத்தார். ஏற்புரையில், சுதந்திரத்தைக் காக்கத் தீவிரவாதம் ஒரு குற்றமில்லை, நீதியைத் தேடுவதில் மிதவாதம் ஒரு நற்குணமில்லை என்றார். முந்தாநாள் கூச்சல் போட்டு விரட்டப்பட்ட மிதவாதிகள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! வெர்மான்ட் விவசாயி தன் வீட்டுத் தொலைக்காட்சியில் இதைத்தான் பார்த்தார்.

அவர் பயப்படுவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் விருப்பப்பட்டவர் சேர்ந்தால் போதும் என்று கோல்ட்வாட்டர் சொல்லியிருந்தார். டென்னசி பள்ளத்தாக்கு மின் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்கலாம் என்றார். கிழக்குக் கரையை அறுத்துக் கடலில் மிதக்கவிட்டால் நாடு உருப்படும் என்று 1961இல் சொன்னார். அணு ஆயுதத்தைப் பற்றி வெளிப்படையாக, சாதாரண விஷயம் போலப் பேசினார். உலகை அணுப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஜான்சன் அணி திறந்த கதவு

1964 பிரசாரம் என்றால் உடனே எல்லோரும் சொல்வது, பூவின் இதழ்களை எண்ணும் சிறுமியைக் காட்டிய விளம்பரத்தைத்தான். அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல் தலைகீழாக எண்ணத் தொடங்கும், அணுகுண்டு வெடிக்கும். கோல்ட்வாட்டரின் பெயர்கூட அதில் வராது. செப்டம்பர் 7 அன்று ஒரே ஒரு முறைதான் காசு கொடுத்து ஒளிபரப்பினார்கள். செய்திகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின.

அந்தத் தேர்தலின் சூட்சுமம் எனக்குத் தெரிந்தவரை வேறு ஒரு விளம்பரத்தில் இருக்கிறது. நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் ஒரு மனிதர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். நான் குடியரசுக் கட்சிக்காரன், என் அப்பாவும் அப்படித்தான், இந்த முறை எனக்குப் பயமாக இருக்கிறது என்ற பொருளில் தயங்கித் தயங்கிப் பேசுவார். சிகரெட் பற்றவைப்பார், யோசிப்பார். நடித்தவர் நிஜத்திலேயே குடியரசுக் கட்சிக்காரர். அந்தக் கட்சியைத் திட்டி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒருவர் தன் வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று மட்டும் அது சொன்னது.

ஜான்சனின் துணை அதிபர் வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, அட்லான்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் செய்ததும் அதையே. வரிக்குறைப்பு, அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம், சிவில் உரிமைகள் சட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஜனநாயகக் கட்சியிலும் குடியரசுக் கட்சியிலும் பெரும்பாலான செனட்டர்கள் இதை ஆதரித்தார்கள் என்று சொல்வார். பிறகு நிறுத்தி, 'ஆனால் செனட்டர் கோல்ட்வாட்டர் இல்லை' என்பார். இரண்டாவது முறையே கூட்டம் அந்த வரியைச் சேர்ந்து முழங்கத் தொடங்கிவிட்டது. குடியரசுக் கட்சியைப் பாராட்டிக்கொண்டே அதன் வேட்பாளரைத் தனிமைப்படுத்திய பேச்சு அது. எதிர்க்கட்சி வாக்காளரை 'முட்டாள்' என்றோ 'கெட்டவன்' என்றோ சொல்லிவிட்டு அவருடைய வாக்கைக் கேட்க முடியாது. இன்றைய மேடைகளில் இதை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது வேலை செய்ததா? பரம்பரையாகக் குடியரசுக் கட்சியை ஆதரித்த நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளிதழ் ஜான்சனை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. ரோட் ஐலண்டில் ஜான்சன் ஏறக்குறைய 81 சதவீதம் எடுத்தார். அதே நாளில் அதே மக்கள் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் சேஃபியை 61 சதவீதத்தோடு மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சிகனில் ஜான்சனுக்கு மூன்றில் இரண்டு பங்கு, ஆளுநர் பதவியோ குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் ராம்னிக்கு. இவர்கள் யாரும் கட்சி மாறவில்லை. ஒருவரை மட்டும் மறுத்தார்கள்.

தெற்கு: அலைக்குள் இருந்த எதிரலை

ஜான்சன் டெக்ஸாஸ்காரர். சிவில் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்துப் போட்டால் தெற்கு கைவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியும். அப்படித் தன்னிடம் அவர் சொன்னதாக உதவியாளர் பில் மோயர்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தெரிந்தே கையெழுத்திட்டார். அவருடைய பல குற்றங்களுக்கு நடுவில் இதை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

அக்டோபரில் அவருடைய மனைவி லேடி பேர்ட் ஜான்சன் ரயில் ஏறினார். நான்கு நாட்கள், எட்டுத் தென்மாநிலங்கள், நியூ ஆர்லியன்ஸ் வரை. வெடிகுண்டு மிரட்டலுக்குப் பயந்து தண்டவாளத்தைச் சோதிக்க முன்னால் தனி எஞ்சின் ஒன்று ஓடியது. தென் கரோலினாவில் கூச்சல் போட்டவர்களை எதிர்கொண்டு, தானும் தெற்கின் மகள்தான் என்று பொறுமையாகப் பேசினார். அந்த எட்டில் வர்ஜீனியா, வட கரோலினா, புளோரிடா மூன்றும் கணவருக்குக் கிடைத்தன. மற்ற ஐந்தும் கோல்ட்வாட்டருக்குப் போயின. ஜார்ஜியா தன் வரலாற்றிலேயே முதல் முறையாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. அலபாமாவில் ஜான்சனின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை.

மிஸிஸிப்பியில் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம். அந்த எண்ணைப் படிக்கும்போது இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அன்று அந்த மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் 7 சதவீதம் பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அந்தக் கோடையில் அவர்களைப் பதிவு செய்யப் போன மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் மிஸிஸிப்பியின் கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமர், தான் வாக்காளராகப் பதியப் போனதற்காக வேலையும் வீடும் பறிபோனதையும், சிறையில் அடிபட்டதையும் ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக் குழு முன் சொன்னார். கேட்டவர்கள் கலங்கினார்கள். ஆனால் ஜான்சனுக்கு அந்த மாநாடு சச்சரவில்லாமல் நடக்க வேண்டியிருந்தது. தங்கள் மாநிலத்தின் பிரதிநிதிகளாக மாநாட்டில் அமர வந்திருந்த ஹேமரின் குழுவுக்கு இரண்டே இடங்கள் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அமோக வெற்றியைத் தேடும் கட்சி எல்லோரையும் அணைத்துக்கொள்ளப் பார்க்கும்போது, யாரைக் காத்திருக்கச் சொல்கிறது என்பதையும் நாம் பதிவு செய்யத்தான் வேண்டும்.

எதிரலை தெற்கோடு நிற்கவில்லை. நிறப் பிரிவினையை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அந்த வசந்தத்தில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல்களில் நின்று, வடக்கே விஸ்கான்சினில் மூன்றில் ஒரு பங்கும், மேரிலாந்தில் 40 சதவீதத்துக்கு மேலும் எடுத்தார். நவம்பர் 3 அன்று கலிபோர்னியா மக்கள் ஜான்சனுக்கு 59 சதவீதம் கொடுத்தார்கள். அதே சீட்டில் இருந்த இன்னொரு கேள்விக்கு, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் காட்டக் கூடாது என்ற சட்டத்தை ரத்து செய்ய 65 சதவீதம் ஆதரவு கொடுத்தார்கள். ஒரே கை, ஒரே நாள், இரண்டு முடிவு. ஜான்சனை ஆதரித்தவர்களில் பெரும் பகுதி கோல்ட்வாட்டரை வேண்டாம் என்று மட்டுமே சொன்னார்கள். ஜான்சனின் முழுத் திட்டத்துக்கும் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை.

பெரும்பான்மை நீடித்த இரண்டு வருடம்

அதிபரோடு கட்சியும் சேர்ந்து ஜெயித்தது என்பது 1964இன் தனிச்சிறப்பு. பிரதிநிதிகள் சபையில் 295க்கு 140, செனட்டில் 68க்கு 32. நிக்ஸனின் 1972 வெற்றியும் (60.7 சதவீதம், 49 மாநிலம்) ரீகனின் 1984 வெற்றியும் வரைபடத்தில் இதைவிடப் பெரியவை, ஆனால் இருவரின் கட்சியும் பிரதிநிதிகள் சபையில் சிறுபான்மையாகவே இருந்தது. கோல்ட்வாட்டரின் பெயர் கீழே இருந்த வேட்பாளர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்ததுதான் ஜான்சனுக்குக் கிடைத்த அதிருஷ்டம். அதுவரை தென்மாநில ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் கைகோத்து எந்த நலத்திட்டத்தையும் தடுத்துவிட முடிந்தது. இப்போது அவர்கள் இல்லாமலே எண்ணிக்கை சரியாக வந்தது.

இந்தப் பெரும்பான்மை சீக்கிரம் கரையும் என்று ஜான்சன் உதவியாளர்களை விரட்டிக்கொண்டே இருந்தார். 1965 ஏப்ரலில் பள்ளிகளுக்கு மத்திய அரசு உதவி. ஜூலை 30 அன்று முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். அது வந்த இரண்டு வருடத்துக்குள் மிஸிஸிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு 60 சதவீதத்தை நெருங்கியது. ஹேமரும் அவருடைய தோழர்களும் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அலபாமாவின் செல்மா பாலத்தில் அடிபட்டவர்களும் கொடுத்த விலைக்கு, அந்தப் பெரும்பான்மை ஒரு சட்ட வடிவம் கொடுத்தது.

அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் இன்னொரு சட்டம் கையெழுத்தானது. அதற்கு முன் இந்தியாவிலிருந்து குடியேற வருடத்துக்கு 100 பேர் என்ற அளவில்தான் ஒதுக்கீடு. நாட்டுவாரியான அந்த ஒதுக்கீட்டை 1965 குடியேற்றச் சட்டம் ஒழித்தது. அதற்குப் பிறகுதான் நம் ஊர் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெரிய எண்ணிக்கையில் அங்கே போக முடிந்தது. நியூ ஜெர்சியிலோ ஹூஸ்டனிலோ இன்று தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் குடும்பத்தின் கதையில், வெர்மான்ட் விவசாயி போட்ட அந்த ஒற்றை வாக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அப்புறம் வியட்நாம். ஆகஸ்ட் 1964இல் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி, ஜான்சன் நாடாளுமன்றத்தில் தீர்மானம் வாங்கினார். பிரதிநிதிகள் சபையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை, செனட்டில் இருவர் மட்டும் எதிர்த்தார்கள். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால் உறுதியானது. அக்டோபரில் ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், ஆசியப் பையன்கள் தங்களுக்காகச் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பையன்களைப் பத்தாயிரம் மைல் அனுப்பப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் தென் வியட்நாமின் தா நாங் கரையில் அமெரிக்க மரைன் படையினர் இறங்கினார்கள். கோல்ட்வாட்டர் போருக்கு இழுத்துவிடுவார் என்று பயந்து கட்சி தாண்டி வந்தவர்களிடம் சொன்ன வார்த்தை அது. அது மீறப்பட்டபோது அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு தயாராக இருந்தது.

அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் 1966 நாடாளுமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களை இழந்தது. கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசி அரசியலில் நாட்டுக்கு அறிமுகமான நடிகர் ரொனால்ட் ரீகன் கலிபோர்னியா ஆளுநரானார். 1968 மார்ச் 31 அன்று, மறுபடியும் நிற்கப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். அந்த நவம்பரில் ஹம்ஃப்ரி பெற்றது 42.7 சதவீதம். 61இலிருந்து 42.7க்கு இறங்க நான்கு வருடம் போதுமாக இருந்தது.

இன்று அதே வெற்றி சாத்தியமா?

1988இல் முதல் புஷ் 426 தேர்வாளர்களையும் 53.4 சதவீத வாக்கையும் பெற்றார். அதற்குப் பிறகு யாருக்கும் அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. 2008இல் நிதி நெருக்கடி, செல்வாக்கிழந்த அதிபர், பெரும் பேச்சாளரான ஒபாமா என்று எல்லாம் கூடி வந்தும் 52.9 சதவீதம்தான். 2024இல் டிரம்ப் ஏழு ஊசலாடும் மாநிலங்களையும் எடுத்தார், மொத்த வாக்கில் 50 சதவீதத்தைத் தொடவில்லை.

எதிர்க்கட்சி வாக்காளருக்குக் கதவைத் திறக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2020இல் குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் ஜான் கேசிக் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பேசினார். 2024இல் குடியரசுக் கட்சியின் முன்னாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லிஸ் செனி, கமலா ஹாரிஸோடு ஒரே மேடையில் ஏறினார். 1964இல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஐந்தில் ஒருவர் ஜான்சனுக்கு வாக்களித்ததாகக் கேலப் கணிப்பு சொன்னது. இப்போது இரண்டு கட்சியிலும் 90 சதவீதத்துக்கு மேல் அசைவதில்லை. அன்று இரண்டு கட்சிக்குள்ளும் முற்போக்கினரும் பழமைவாதிகளும் கலந்து இருந்தார்கள். பக்கத்து வீட்டில் சொந்தக்காரர் இருந்த மாதிரி. 1964இல் தொடங்கிய பிரிவினைதான் அந்தக் கலப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிட்டது. இன்று கட்சி என்பது ஊர், மதம், நிறம், படிப்பு எல்லாவற்றோடும் சேர்ந்து இறுகிவிட்டது. ஜான்சனை ஆதரித்த ஐடஹோ, யூட்டா, வயோமிங், கான்சஸ் போன்ற மாநிலங்கள் அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை.

அதனால் இன்று அமோக வெற்றி வேண்டும் என்கிற கட்சி பேச்சாளரையும் பணத்தையும் மட்டும் தேடிப் பயனில்லை. எதிர்க்கட்சி தன் ஆட்களில் ஒரு பகுதியை மேடையிலேயே அவமானப்படுத்தி அனுப்ப வேண்டும், அந்த நாளில் இந்தக் கட்சியின் வாசலில் யாரும் அவர்களைப் பழைய கணக்குக் கேட்காமல் இருக்க வேண்டும். முதலாவது அவ்வப்போது நடக்கிறது. இரண்டாவதைத்தான் நான் காணோம்.

வெர்மான்டில் அந்தப் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. 1964இல் ஜான்சனுக்கு 66 சதவீதம் கொடுத்த அன்றே அந்த மக்கள் குடியரசுக் கட்சியின் வின்ஸ்டன் புரௌட்டியைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். அறுபது வருடம் கழித்து, 2024இல், ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிட்டு, குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஸ்காட்டுக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்தார்கள்.